பழனிக்குப் போகாத மொட்டை

இளமதிக்குத் தலைமுடி கொட்டியது சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், ஒன்பதாவது மாடி வீட்டின் குளியலறையில். ஊரறிந்த கதைப்படி அது இறங்கியது பழனியில், மலையடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் கிடக்கிறது. அதைத் தாண்ட விமானம் எதுவும் தேவைப்படவில்லை. அவள் மாமியாரின் வாய் ஒன்றே போதுமாக இருந்தது.

அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்று சொல்லிவிட வேண்டும். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னத்தம்பியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே பரிமாறுகிறவள் இளமதி. இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் கரண்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேக்கா வட்டாரமே திரண்டு வந்து உட்கார்ந்தாலும் ஓர் இலையில் சோறு காய விடமாட்டாள். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் பையன்கள் கூச்சப்பட்டு, இரண்டாம் தரம் சோறு கேட்காமல் எழுந்தால் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைப்பாள். "ரசம் ஊத்தாம எங்கடா கிளம்பிட்ட? உட்காரு" என்பாள். அவர்களும் நல்ல பிள்ளைகளாக உட்காருவார்கள்.

கடையில் அவளுக்கு ஒரே கூட்டு, கமலம். அடுப்படி கமலத்தின் பொறுப்பு. சுவா சூ காங்கிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து, கடை திறக்கும் முன்பே வந்து நிற்பாள். இளமதியைவிட இரண்டு வயது இளையவள். கணவன் ரெங்கசாமி லாரி ஓட்டுகிறான். பிள்ளை இல்லை, இளமதியின் மகள் கயல்விழியைத்தான் தன் பிள்ளையாகக் கொஞ்சித் தீர்த்தாள். உரக்கப் பேசுவாள், உரக்கச் சிரிப்பாள். கமலத்தின் வாயில் எதுவும் நிற்காது என்று அவளுக்கு ஒரு பேர். அந்தப் பேரை நம்பித்தான் எல்லாம் கெட்டது.

அந்தக் கட்டியை முதலில் தொட்டுப் பார்த்தவளே கமலம்தான். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில்தான் இருவரும் புடவை மாற்றுவார்கள். குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டதாக இளமதி போகிறபோக்கில் சொன்னாள். கமலம் விடவில்லை.

"என்னக்கா இது, புளியங்கொட்டை கணக்கா உருளுது?"

"வலிக்கல, விடு."

"வலிக்கலன்னா விட்டுர்றதா? நாளைக்கே பாலிகிளினிக் போறீங்க."

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல."

"நீங்க போகலன்னா நானே கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்லா. கட்டிய வச்சுக்கிட்டு விளையாடாதீங்க."

மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். சாம்பார் ஊற்றிக் கொடுக்கும்போது, இலை கழுவும்போது, எம்ஆர்டி வாசலில் பிரியும்போது என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாள். அவள் தொல்லை பொறுக்காமல்தான் இளமதி போனாள். அதனால்தான் நோய் கட்டியோடு நின்ற காலத்திலேயே பிடிபட்டது. இதை மறக்கக் கூடாது. இளமதி இன்றைக்கு நடமாடுகிறாள் என்றால் அது முதலில் கமலத்தின் நச்சரிப்பு. டாக்டர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று வீட்டில் ஒப்பாரி எதுவும் எழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கணவன் வெங்கட் பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் ஹாரன் அடிப்பதோடு அவருடைய சத்தம் தீர்ந்துபோகும். வீட்டில் பேசுவதெல்லாம் அவருடைய அம்மா. அந்த அம்மாள் ஹாலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"தாய்க்கு மாருல வந்தா மகளுக்கும் வரும்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கயலுக்கு ரெண்டு இடத்துல பேச்சு நடக்குது. இது வெளிய போச்சுன்னா எவன் எடுப்பான்?"

"அத்தே, ஆபரேஷன் பண்ணணும்னு..."

"பண்ணிக்க. யாரு வேணான்னா? காதும் காதும் வச்ச மாதிரி பண்ணிக்க. அவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் தமுக்கடிச்சுச் சொல்லிக்க."

மாமியார்தான் வாயை அடைத்தார் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அது முழு உண்மையில்லை. இளமதிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. குனிந்து சோறு போடும்போது ஊர்க் கண்ணெல்லாம் தன் நெஞ்சில் வந்து நிற்கும், இருக்கிறது எது, இல்லாதது எது என்று அளக்கும் என்று நினைத்ததுமே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். 'பொண்ணுக்காகத்தான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடையில் சொன்ன கதை: தஞ்சாவூரில் அம்மா படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, வர மாதக்கணக்காகும். பாவம் அந்தக் கிழவி அங்கே மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். இங்கே இளமதியின் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து நாக்கின் ருசி, நகத்தின் நிறம், தலையின் முடி என்று வரிசையாக வாங்கிக்கொண்டது.

கமலம் வாராவாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். முகம் காட்டச் சொன்னால் "இங்க லைன் சரியில்லடி" என்பாள் இளமதி. "இங்க வெயில் கொளுத்துது" என்பாள், புக்கிட் மேராவில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை இளமதி ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கூப்பிட்டுவிட்டாள். வரிசை எண் மாறும் மணி டிங் டிங்கென்று அடித்தது.

"அது என்னக்கா சத்தம்?"

"கோயில்ல இருக்கேன்டி."

"எனக்கும் சேத்து ரெண்டு கும்பிடு போடுங்க. அம்மாவுக்கு நல்லாயிரும், கவலப்படாதீங்க."

இளமதி போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி, மருந்து ஏற்றுவதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மருந்தெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. தலை வழவழவென்று இருந்தது. என்ன செய்வது? விக் என்றார் வெங்கட். வெக்கையில் அடுப்படிப் பக்கம் நிற்கிறவள் விக் வைப்பாளா என்று அவர் அம்மா அடக்கிவிட்டார். பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை, அந்த மூளைக்கு அவர் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

"மொட்டைன்னா ஏன்னு கேப்பாங்க. பழனின்னா கன்னத்துல போட்டுக்குவாங்க."

அவ்வளவுதான். சந்தனத்தைக் குழைத்து மருமகள் தலையில் பட்டையாகப் பூசினார். மருந்து தின்ற தோல் அது. தண்ணீர் பட்டாலே சுரீரென்னும். சந்தனம் குளிர்ச்சி என்கிறார்களே, பூசியவர்கள் சொல்லட்டும். இளமதிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் எரியுதுத்தே" என்றாள். "பொறுத்துக்க" என்றார். புருவமும் போயிருந்ததால் அதைப் பென்சிலால் அவரே வரைந்துவிட்டார், ஒன்று சற்று மேலேறிவிட்டது.

"அந்தக் கமலத்துக்குத்தான் மொதல்ல சொல்லணும். அவளுக்குத்தானே கட்டி தெரியும்? நல்லா அழுத்திச் சொல்லு. அவ வாயில எதுவும் நிக்காது."

கடையில் அப்படியே நடந்தது. சின்னத்தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கமலம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்; தையல் போட்ட பக்கம் நெரிந்து இளமதிக்கு உயிர் போனது. அரிசி மூட்டை அறைக்குள் இழுத்துப்போய் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க்கா, புருவத்தையுமா எடுத்தாங்க?"

"முடி எடுக்கறவன் கத்தி பட்டுருச்சு."

"ரெண்டுலயுமா? நாசமாப் போறவன்!" என்று இல்லாத நாவிதனைத் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி, அந்தக் கட்டி? கிளினிக்ல என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

சொல்லிவிடலாம் என்று இளமதிக்குத் தோன்றியது. எதிரே நிற்பவள் யார்? போ போ என்று துரத்தி உயிரைக் காப்பாற்றியவள். ஆனால் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் நாக்கில் தயாராக நின்றன.

"டாக்டருங்க ஒண்ணும் கண்டுபிடிக்கல. முருகனுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன். கரைஞ்சு போயிருச்சு."

"நெசமாவா?"

"அவன் பாத்துக்கிட்டான்டி."

கமலம் மேலே பார்த்துக் கும்பிட்டாள். "அப்பனே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இளமதியால் பழைய மாதிரி வேலை செய்ய முடியவில்லை. நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் நீர் வடிய வழியில்லாமல் இடது கை வீங்கியது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கமான உறை மாட்டவேண்டும். கனம் தூக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, சுடுபடக் கூடாது. கல்யாண வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்றாள். ரவிக்கைக்குள் வைத்த பஞ்சு மார்பு, குனியும்போதெல்லாம் கழுத்துக்கு ஏறிவரும்; முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் கீழே தள்ளுவாள். தினமும் விழுங்கும் மாத்திரையால் திடீர் திடீரென்று உடம்பு தீயாகும், முட்டிக்கு முட்டி வலிக்கும். நோய் போய்விட்டது என்றார்கள். போனது போகும்போது வீட்டுச் சாமானையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

சாம்பார் வாளியைத் தூக்கியவள் கமலம். அடுப்படி வேலையையும் பார்த்துக்கொண்டு, கூட்ட நேரத்தில் வெளியே வந்து, "நீங்க அப்பளம் மட்டும் வையுங்கக்கா, சுளுக்கோட எதுக்கு" என்று வாளியைப் பிடுங்கிக்கொள்வாள். ஒரு நாளா இரண்டு நாளா, ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். கயலுக்கு நல்ல இடம் அமைந்தது. "எல்லாம் பழனியாண்டவன்" என்றார் மாமியார், தானே கட்டிய கதையைத் தானே நம்புகிற அளவுக்கு வந்திருந்தார்.

பங்குனி மாதம் கமலம் லீவு கேட்டு ஊருக்குப் போனாள். திரும்பி வந்த அன்று, கடை ஷட்டரை இன்னும் முழுதாகத் தூக்கவில்லை, குனிந்து உள்ளே நுழைந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. சந்தனம் பளபளத்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடி இது?" என்றாள் இளமதி.

"வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து அரிசி மூட்டை அறைக்கு இழுத்துப்போனாள். வீங்காத கையைத்தான் பார்த்துப் பிடித்தாள், அந்த அவசரத்திலும். "எனக்கும் உங்கள மாதிரியே கட்டி வந்துச்சுக்கா. அதே எடது பக்கம். தீபாவளிக்கு முன்னாடி."

இளமதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்ட்ட போனியா?"

"எதுக்கு? உங்களுக்கே அவங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலயே. முருகன்ட்ட வேண்டிக்கிட்டேன். யார்ட்டயும் சொல்லல, எம் புருஷன்ட்டகூட. வெளிய சொன்னா பலிக்காதுல்ல? பங்குனி வரட்டும்னு இருந்தேன்."

"இப்ப... இப்ப எப்படி இருக்கு?"

"வத்துதுக்கா! மேல தோலு உள்ள இழுக்குது பாருங்க, குழி விழுந்த மாதிரி. நல்லா வத்திக்கிட்டு வருது."

இளமதி பார்த்தாள். எத்தனையோ மாதம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் அவள் பார்த்த குழி. தோல் உள்ளே இழுத்தால் உடனே வாருங்கள் என்று நாலு பாஷையில் எழுதியிருந்த படம். கமலம் அதைச் சாமியின் கைரேகையாக எண்ணிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வாயைத் திறந்தால் மறுபடியும் பொய்தான் வரும் என்று இளமதி பயந்தாளோ என்னவோ. ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றினாள். பஞ்சு மார்பை எடுத்து மூட்டையின் மேல் வைத்தாள். எலும்பின் மேல் ஒட்டிய தோலும், அக்குள் வரைக்கும் ஓடிய தழும்புமாக நின்றாள். கையில் மாட்டியிருந்த உறையையும் உருட்டிக் கழற்றினாள்.

கமலத்தின் சிரிப்பு சட்டென்று போய்விடவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"அப்ப முடி?"

"மருந்துல கொட்டுச்சு."

"புருவம்?"

இளமதி தலையை ஆட்டினாள்.

"கோயில் மணி அடிச்சுதே?"

"ஆஸ்பத்திரி."

கமலம் அந்தத் தழும்பை ஒரு விரலால் தொட்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து, தன் தலையிலிருந்த சந்தனத்தை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். கீழே பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"நான்தானேக்கா உங்கள போகச் சொன்னேன். எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். இவ்வளவு மெதுவாகக் கமலம் பேசி அந்தக் கடை கேட்டதில்லை.

இளமதி அவளை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். ஓடி என்ன? எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. குணமாக்க வழியில்லை, கட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ரெங்கசாமி லாரியைச் சந்து முனையில் போட்டுவிட்டுக் கடைக்கு வந்து இளமதியின் முன்னால் நின்றான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். "காலையில காப்பி டம்ளரோட வந்து எழுப்புவாக்கா. தினமும் பக்கத்துலதான் படுத்தா. எனக்குத் தெரியாமப் போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கமலம் வெகு நாள் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு இளமதி கஞ்சி கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் மட்டும் திரும்பினாள்.

"உங்களுக்கு நான் யாருக்கா?"

"ஊருக்கே சொல்லிர்றேன் கமலம். இன்னிக்கே சொல்றேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"கயலு கல்யாணத்தையுமா கெடுக்கப் போறீங்க? சும்மா இருங்க" என்று சீறினாள். "நானே யார்ட்டயும் சொல்லல. எப்பவோ சொல்ல வேண்டியத இப்பச் சொல்லி என்ன கிழிக்கப் போறீங்க?"

வாயில் எதுவும் நிற்காது என்று பேர் வாங்கியவள் அவள். இளமதி அந்த வார்த்தையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு சும்மாவே இருந்தாள். ச்சீ, மனுஷ மனம்!

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கமலம் வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ரெங்கசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை உடம்பில் நிற்காமல் சரிந்தது. பழனிக்குப் பின் முளைத்த முடியும் மருந்தில் கொட்டிப்போய், தலை வெறுமையாக இருந்தது. முக்காடு போடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வரவேற்புத் தட்டோடு நின்ற இளமதியை மாமியார் முழங்கையால் இடித்தார்.

"பாக்கறாங்க பாரு. என்ன நோய்னு கேட்டா ஒண்ணு ஒண்ணாக் கிளறிருவாங்க. அவ தலையில சந்தனத்தப் பூசி விடு, சீக்கிரம்."

"அத்தே!"

"இன்னும் தாலி ஏறல."

கமலம் அருகிலேயே நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. இளமதியின் முகத்தையே பார்த்தாள். இந்த ஒரு தடவையாவது என்ன செய்கிறாள் என்று பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள். மேடையில் கயல் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. இளமதியின் வீங்கிய கை தட்டைப் பிடித்தது. மற்றது சந்தனக் கிண்ணத்துக்குள் போனது.

கமலம் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

விரல் பட்டதும் அவள் தோள் வெடுக்கென்று உதறியது.

"எரியுதா?" என்றாள் இளமதி.

"உங்களுக்கு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

"அப்புறம் என்ன கேள்வி? பூசுங்க."

பூசி முடிக்கும்போது சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். கமலத்தின் தலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இவங்களும் பழனியா?"

"ஆமாங்கம்மா" என்றாள் கமலம், பழைய உரத்த குரலில். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வேண்டுதல்தான். அக்காவுக்குப் பலிச்சிருச்சு."

சம்பந்தியம்மாள் இளமதியின் கன்னத்தை ஆசையோடு வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"கொடுத்து வச்சவங்க நீங்க, சம்பந்தி."